கார்டு பில்லில் வட்டி ஏறியிருக்கிறதா? எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் "ஃபைனான்ஸ் சார்ஜஸ்" என்ற வரியைப் பார்த்ததும் கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இரண்டு ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாதத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. இந்த மாத வட்டிக்கான காரணம் பெரும்பாலும் போன மாத பில்லில்தான் இருக்கும், அதனால் இந்த மாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

அந்த பில்களில் நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்டேட்மென்ட் போட்ட தேதி, கட்ட வேண்டிய கடைசி தேதி, டோட்டல் டியூ (மொத்தப் பாக்கி), மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்டியாக வேண்டியது). கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே கார்டை வைத்துக்கொள்வோம். மாதாமாதம் 15-ஆம் தேதி ஸ்டேட்மென்ட், அடுத்த மாதம் 5-ஆம் தேதி டியூ டேட், வட்டி மாதம் 3.5%, அதாவது வருடத்துக்கு 42%. உங்கள் கார்டில் தேதியும் சதவீதமும் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் விதம் இதேதான்.

"மினிமம் டியூவை ஒழுங்காகக் கட்டினேன், அப்புறம் எதற்கு வட்டி?"

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, சிபில் ரிப்போர்ட்டில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் பதிவில், கறை விழாது. அதோடு அதன் வேலை முடிந்தது. வாங்கிய நாளிலிருந்து டியூ டேட் வரை வட்டியில்லாக் காலம் என்று சொல்கிறார்களே, அது டோட்டல் டியூ முழுவதையும் டியூ டேட்டுக்குள் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். போன மாத பில்லில் பாக்கி நின்றால் அந்தச் சலுகை நிறுத்தப்படும் என்பதை விதிமுறைத் தாளில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வங்கியும் சொல்லித்தான் இருக்கும், நாம் படித்திருக்க மாட்டோம்.

40,000 ரூபாய் பாக்கி, மினிமம் 5% என்றால் 2,000 ரூபாய். ஒரு மாத வட்டி 1,400, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 252, ஆக 1,652 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000-இல் அசலுக்குப் போனது 348 ரூபாய். நாற்பதாயிரத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு! ஸ்டேட்மென்டில் மினிமம் டியூவை டோட்டல் டியூவுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், ஆப்பில் கட்டப் போனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பட்டனாக நிற்கும். எதை அழுத்தினாலும் "பேமென்ட் சக்சஸ்" என்று பச்சை டிக் ஒன்றுதான் வரும்.

என்ன செய்யலாம்: மொத்தமாகக் கட்ட முடியாத மாதத்தில் மினிமத்தோடு நிற்காமல் முடிந்த அளவு கட்டுங்கள், அதையும் டியூ டேட் வரை காத்திருக்காமல் கையில் காசு வந்த அன்றே கட்டுங்கள், ஏனென்றால் வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு அடைக்க வழியில்லை என்று தெரிந்தால் பாக்கியை இஎம்ஐயாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அல்லது பர்சனல் லோன் போட்டு அடையுங்கள். நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து அடைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதன் வட்டி இந்த 42%-க்குப் பக்கத்தில்கூட வராது.

"கிட்டத்தட்ட எல்லாம் கட்டிவிட்டேன், 2,000 ரூபாய்தான் பாக்கி. அதற்கு 2,700 ரூபாய் வட்டியா?"

ஆமாம், நடக்கும். நம்பாதவர்களுக்காகக் கணக்கைப் பிரித்தே போடுகிறேன்.

மார்ச் 20-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 15-இல் ஸ்டேட்மென்ட் வருகிறது, மே 5 கடைசி தேதி. நடுவில் ஏப்ரல் 18-இல் 6,000 ரூபாய்க்கு மளிகையும் துணிமணியும் வாங்கியிருக்கிறீர்கள். மே 5-ஆம் தேதி 38,000 கட்டுகிறீர்கள், மீதி 2,000-ஐ அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள்.

வட்டி வெறும் 2,000-க்கு மே 6-இலிருந்து ஓடும் என்றுதான் யாரும் நினைப்போம். வங்கிகளின் வழக்கமான முறை அப்படி இல்லை. முழுத் தொகை வராததால் வட்டியில்லாக் காலமே இல்லாமல் போய்விட்டது, ஆகவே கணக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கும். மார்ச் 20 முதல் மே 4 வரை 46 நாள், முழு 40,000-க்கும் 42% வீதம் 2,117 ரூபாய். மே 5 முதல் 15 வரை மிச்சமிருக்கும் 2,000-க்கு 25 ரூபாய். அப்புறம் அந்த ஏப்ரல் 18-ஆம் தேதி மளிகை, அதற்கும் வாங்கிய நாளிலிருந்து 28 நாள் வட்டி, 193 ரூபாய். மொத்தம் 2,336, ஜிஎஸ்டி 420, ஆக 2,756 ரூபாய்.

மளிகைக்கு ஏன் வட்டி என்பதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். அதன் பில்லே இன்னும் வரவில்லையே, டியூ டேட்டே ஜூனில்தானே? பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் புதிதாகத் தேய்ப்பதற்கும் சலுகை கிடையாது, தேய்த்த அன்றே வட்டி தொடங்கிவிடும். பாக்கி வைத்திருக்கும் கார்டைப் பாக்கி தீரும் வரை பீரோவில் வைக்கச் சொல்வது இதனால்தான். வேறு கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கையில் உள்ள காசு.

இந்த நோயில் இன்னொரு சின்ன வகை உண்டு. பில் 18,462.73 ரூபாய் என்றால் 18,400 என்று ரவுண்டாகக் கட்டுவது. அறுபத்திச் சொச்சம் ரூபாய் விட்டுப் போனாலும் அது முழுத் தொகை ஆகாது. மிகச் சிறிய பாக்கியைச் சில வங்கிகள் கண்டுகொள்ளாமல் விடும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். ரவுண்டாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மேல்பக்கமாக ரவுண்டாக்குங்கள். கூடுதலாகக் கட்டியது உங்கள் கணக்கிலேயே வரவாக நிற்கும்.

இவ்வளவு வட்டி வாங்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 30%-க்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் சதவீதத்தைக் காட்டிச் சண்டை போடுவதில் பலனில்லை. ஆனால் கட்டாமல் விட்ட கட்டணம், வரி இவற்றை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. லேட் ஃபீக்கும் ஜிஎஸ்டிக்கும் சேர்த்து வட்டி போட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் தேதி வாரியாகக் கணக்குக் கேளுங்கள்.

"இந்த மாதம் ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டினேன், அடுத்த பில்லிலும் வட்டி வருகிறதே?"

வால் வட்டி. மேலே சொன்ன அதே ஆள் மே 15 பில்லைப் பார்த்துப் பதறி ஜூன் 5-ஆம் தேதி முழுசாகக் கட்டிவிடுகிறார் என்று வையுங்கள். மே 16 முதல் ஜூன் 4 வரை பாக்கி இருந்துகொண்டுதானே இருந்தது? அந்த நாள்களின் வட்டி எந்த பில்லிலும் இன்னும் ஏறவில்லை, ஜூன் 15 பில்லில் வந்து உட்காரும். இதைத் தப்பு என்று சொல்லி வாதாட முடியாது. அந்தச் சின்னத் தொகையையும் கட்டிவிட்டால் அதோடு முடியும், சலுகையும் திரும்பி வரும். கோபத்தில் அதைக் கட்டாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பிக்கும்.

வாலே இல்லாமல் முடிக்க நினைத்தால் டியூ டேட் வரை காத்திருக்காதீர்கள். கஸ்டமர் கேரில் "இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு கட்டினால் கணக்கு நேராகும், இன்னும் பில்லில் ஏறாத வட்டியும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள்.

"50 நாள் வட்டி இல்லை என்றார்கள், எனக்கு 21 நாளில் கட்டச் சொல்கிறது"

ஐம்பது நாள் என்பது உச்ச அளவு. வாங்கிய பொருளுக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பது ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்னால் வாங்கினீர்களா பின்னால் வாங்கினீர்களா என்பதைப் பொறுத்தது. நம் கார்டில் மார்ச் 16-இல் வாங்கினால் அது ஏப்ரல் 15 பில்லில் வரும், மே 5-இல் கட்டலாம், சரியாக 50 நாள். அதே பொருளை ஏப்ரல் 14-இல் வாங்கினால் அதே பில், அதே மே 5, கிடைப்பது 21 நாள். பெரிய செலவு இருக்கிறது, அவசரமில்லை என்றால் ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாங்குங்கள்.

ஒரு நாள் தள்ளி வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பில்லில் எந்த மாதம் ஏறும் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் தேய்த்த தேதி தீர்மானிப்பதில்லை, கணக்கில் பதிவாகும் தேதிதான் தீர்மானிக்கும். கடைக்காரரின் பக்கம் முடிந்து வர ஓரிரு நாள் ஆகும். 14-ஆம் தேதி வாங்கியது 16-இல் பதிவாகி அடுத்த பில்லுக்குத் தள்ளிப் போவதும் நடக்கும், அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

சம்பளம் வரும் நாளும் டியூ டேட்டும் ஒத்துப் போகவில்லை என்றால் பில்லிங் சைக்கிளை மாற்றச் சொல்லலாம். ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. மாதக் கடைசியில் டியூ டேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் கைமாற்று வாங்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஃபோன் காலில் தீரும் விஷயம் அது. சிலர் ஆப்பிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றிய முதல் மாதம் மட்டும் சைக்கிள் நீண்டோ குறுகியோ வரும், அந்த ஒரு பில்லில் டியூ டேட்டைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

"டியூ டேட் அன்றே கட்டினேன், லேட் ஃபீ போட்டுவிட்டார்கள்"

முதலில் ஸ்டேட்மென்டில் "பேமென்ட் ரிசீவ்டு" வரியில் உள்ள தேதியைப் பாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து காசு போன தேதி வேறு, கார்டில் வரவான தேதி வேறு. அதே வங்கியின் ஆப்பில் கட்டினால் உடனே ஏறிவிடும், வேறு ஆப் வழியாகக் கட்டினால் சில சமயம் ஒன்றிரண்டு வேலை நாள் எடுக்கும். செக் என்றால் இன்னும் அதிகம். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குக் கட்டுகிறவர்களுக்கு இதுதான் ஆப்பு.

அடுத்தது நாள் கணக்கு. டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம், சிபில் போன்ற கிரெடிட் பீரோவுக்கும் அப்போதுதான் சொல்லலாம். மே 5 கடைசி நாள், மே 7-இல் வரவாகியிருக்கிறது, லேட் ஃபீ விழுந்திருக்கிறது என்றால் இந்த விதியைச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள். திருப்பித் தந்தாக வேண்டும். மூன்று நாளைத் தாண்டிவிட்டால் தாமதம் மே 5-இலிருந்தே எண்ணப்படும், அந்த மூன்று நாளைக் கழித்துத் தர மாட்டார்கள். லேட் ஃபீயும் கட்டாமல் மிஞ்சிய தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், மொத்த பில்லையும் வைத்துக் கணக்கிடக் கூடாது.

ஆனால் இந்த மூன்று நாளை நம்பித் தள்ளிப் போடாதீர்கள், நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். விதி பேசுவது லேட் ஃபீயையும் கிரெடிட் ரிப்போர்ட்டையும் பற்றி, வட்டி தனி. நம் ஃபிரிட்ஜ் ஆள் 40,000-ஐயும் மே 6-இல், ஒரே ஒரு நாள் தாமதமாகக் கட்டியிருந்தால் லேட் ஃபீ கிடையாது, ஆனால் வங்கி கண்டிப்பாக நடந்துகொண்டால் மார்ச் 20-இலிருந்து 47 நாள் வட்டி 2,163, ஜிஎஸ்டியோடு இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். இதுவரை ஒழுங்காகக் கட்டி வந்த கார்டு என்றால், முதல் தடவை நடந்ததற்குத் தள்ளுபடி கேட்டுப் பாருங்கள். "ஒரு வருடமாக ஒரு பில்கூடத் தவறவில்லை, இந்த முறை மட்டும் ரிவர்ஸ் செய்து கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பல நேரம் கிடைக்கும். விதிப்படி அது அவர்கள் கடமை இல்லை, கேட்பதில் நஷ்டமும் இல்லை.

"ஆட்டோபே போட்டிருக்கிறேன், எனக்கு இதெல்லாம் வராதே" என்று இருந்தும் வந்துவிட்டதா?

ஆட்டோபே செட்டிங்கைத் திறந்து பாருங்கள், மினிமம் டியூ என்று தேர்வாகியிருக்கும். பத்தில் ஏழெட்டுக் கேஸ் இதுதான் என்று பந்தயமே கட்டலாம். டோட்டல் டியூவுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அது எந்த பில்லிலிருந்து அமலுக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், நடப்பு பில்லுக்கு வராது என்றால் இந்த ஒரு முறை கையால் கட்டுங்கள்.

டோட்டல் டியூவாகத்தான் இருக்கிறது என்றால் அன்றைக்குச் சேமிப்புக் கணக்கில் காசு இருந்ததா பாருங்கள். இல்லாவிட்டால் ஆட்டோபே திரும்பியிருக்கும், அதற்குச் சேமிப்புக் கணக்கிலும் கார்டிலும் தனித்தனி அபராதம். ஆட்டோபே இருக்கும்போதே பதற்றத்தில் கையாலும் கட்டிவிட்டு இரண்டு தடவை காசு போவதும் உண்டு. டியூ டேட்டுக்கு ஓரிரு நாள் முன்னால் கட்டினால் அதைச் சில வங்கிகளின் ஆட்டோபே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது.

"ரீஃபண்ட் வந்துவிட்டதே, கழித்துத்தானே கட்டினேன்?"

12,000 ரூபாய் பில். அதில் 3,000 ரூபாய் சட்டையைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது, ஸ்டேட்மென்ட் போட்ட பிறகு ஏப்ரல் 20-இல் ரீஃபண்ட் கார்டில் ஏறியும் விட்டது. 9,000 கட்டினால் போதுமா? டியூ டேட்டுக்கு முன்னால் வந்த ரீஃபண்டை உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆப்பில் கட்ட வேண்டிய தொகை 9,000 என்று குறைந்திருந்தால் அதைக் கட்டலாம், அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 12,000 என்றே காட்டினால் 12,000-ஐயும் கட்டிவிடுங்கள், 3,000 அடுத்த பில்லில் கழியும். கடைக்காரர் "ரீஃபண்ட் போட்டாச்சு சார்" என்று சொன்னதை மட்டும் வைத்துக் கழித்தால் மேலே பார்த்த 2,756 ரூபாய்க் கதைதான்.

"ஏடிஎம்மில் எடுத்த காசுக்கு முதல் நாளே வட்டி"

அதற்குச் சலுகைக் காலம் என்பதே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனியாக எடுக்கும் கட்டணம், பல கார்டுகளில் 2.5%, குறைந்தது 500 ரூபாய் என்று இருக்கும். அவசரத்துக்கு எடுத்தாகிவிட்டது என்றால் பில்லுக்குக் காத்திருக்காமல் மறுநாளே திருப்பிக் கட்டுங்கள். வாலெட்டில் ஏற்றுவது, வாடகை கட்டுவது இவற்றுக்கும் சில கார்டுகளில் தனிக் கட்டணம் உண்டு, கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

"பில்லே வரவில்லை, எப்படிக் கட்டுவது?"

பழைய மெயில் ஐடி, மாறிய வீடு, ஸ்பாம் ஃபோல்டர், இந்த மூன்றில் ஒன்று. ஆப்பில் எப்போதும் இருக்கும். பில் வரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் வட்டியைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஆனால் வங்கியே தாமதமாக அனுப்பி, டியூ டேட்டுக்கு ஒன்பது நாள் முன்னால்தான் பில் கைக்கு வந்தது என்றால் அது அவர்கள் தவறு. வட்டி தொடங்கும் முன் கட்டுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் தர வேண்டும் என்பது விதி. பில் வந்த மெயிலின் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பேசுவது என்றால் ஃபோனில் மட்டும் வேண்டாம், மெயிலிலும் எழுதுங்கள். ஸ்டேட்மென்ட் தேதி, டியூ டேட், கட்டிய தேதி, தொகை, கட்டியதன் ரெஃபரன்ஸ் எண், எந்த வட்டி அல்லது கட்டணம் தவறு என்று நினைக்கிறீர்கள், ஏன். ஆறேழு வரி போதும், கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும். புகார் எண் வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்-இல் ஆன்லைனிலேயே புகார் போடலாம், காசு எதுவும் கட்ட வேண்டாம், வழி தெரியாவிட்டால் 14448-க்கு அழைத்தால் சொல்வார்கள். புகார் நடக்கும் நாள்களிலும் டியூ டேட் நிற்காது. சந்தேகமில்லாத தொகையை வழக்கம்போல் கட்டிவிடுங்கள், சச்சரவில் இருக்கும் வட்டியையும் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்பதா, நிறுத்தி வைப்பதா என்பதை மெயிலிலேயே வங்கியிடம் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.